வாடகை இல்லை என்று எழுதிக் கொடுத்த வீட்டுக்காரர்

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள்: கும்பகோணத்திலிருந்து வந்த இன்சூரன்ஸ் சர்வேயர், அவரைக் கூட்டிவந்த ஏஜெண்ட், வீட்டுக்காரர், எதிர்வீட்டு அக்கா, என் மனைவி, நான். தூளியில் எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்தால் ஏழு பேர். உட்கார இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதுவும் அக்கா வீட்டில் இரவல் வாங்கியது. சர்வேயர் அதில் உட்காரவில்லை. வீட்டுக்காரரும் உட்காரவில்லை. அவர்கள் நின்றதால் நாங்களும் நின்றோம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வீடு புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு வம்பே அந்தப் பளிச்சுதான்.

சர்வேயர் நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வெள்ளம் வந்த வீட்டைக் காட்டுங்க."

"இதுதான் சார்."

"இதுவா?"

ஏஜெண்ட் என்னை முறைத்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா தூளியை ஆட்டப் போய்விட்டார்.

இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நன்னிலத்தில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தேன், கல்யாணத்துக்குப் பிறகு குடவாசலுக்கு வந்து தனியாக மெஷின் போட்டேன். கடை பிடிக்க வக்கில்லை, அதனால் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையே கடை. பயம் என் கூடவே பிறந்தது. அளந்த துணியை வெட்டுவதற்கு முன்னால் மறுபடி அளப்பேன், வெட்டிய பிறகும் அளப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "விடுங்க, பூட்டுக்கு வலிக்கப் போவுது" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்டவனிடம் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பேண்ட் தைக்க வந்தார். இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "டைலர், இந்த மெஷினுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

நாடா என் கையிலிருந்து நழுவிவிட்டது. அதுவரைக்கும் அந்த ஒரு பயம் மட்டும் எனக்கு வராமல் இருந்தது.

"இது வாடகை வீடு சார். எங்களுக்கெல்லாம் எப்படிக் குடுப்பாங்க?"

"வீடு அவரோடது. அதுக்கு அவரு எடுக்கட்டும், எடுக்காமப் போகட்டும். உள்ள இருக்கற சாமான் யாரோடது?"

"எங்களோடது."

"அப்ப அதுக்கு நீங்க எடுங்க."

திருட்டு, தீ, வெள்ளம் மூன்றுக்கும் சேர்த்து எடுத்தேன். மெஷினைத் தனியாகப் பெயர் போட்டு, அதில் குத்தியிருந்த நம்பரையும் எழுதச் சொன்னேன். எங்கள் தெருவில் அப்படி ஒரு பாலிசி யாரும் கேள்விப்பட்டதில்லை. உயிருக்கு எடுப்பார்கள், லாரிக்கு எடுப்பார்கள். பாய்க்கும் பாத்திரத்துக்கும் எடுத்தவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டு அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டே சொல்வார்: "சொந்தமா ஒரு செங்கல்லு கிடையாது, இன்சூரன்ஸ் மட்டும் இருக்கு. தம்பி, உங்க பயத்துக்கும் சேத்து ஒரு பாலிசி எடுத்துருங்க. அதுலதான் நல்ல காசு வரும்."

பயத்தில் என்னை மிஞ்சிய ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரர்.

அவர் ஒரு காலத்து மிராசுதார். அவருடைய அப்பா, குத்தகைக்கு உழுதவர் கேட்டாரே என்று ஒரு போகத்துக்கு நெல் வாங்கியதற்கு ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் நெல்லை அளக்காமல், குத்தகையைப் பணமாக மணியார்டரில் அனுப்பினார் உழுதவர். பெரியவர் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உழுகிற குத்தகைதாரரை வெளியேற்ற முடியாதபடி சர்க்கார் பதிவு செய்யும் காலம் வந்தபோது அந்த ரசீதும் மணியார்டர் சீட்டும் அத்தாட்சியாகத் தாலுகா ஆபீஸுக்குப் போயின. அங்கேயிருந்து கோர்ட்டு. வழக்கு முடிவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலம் உழுதவரிடமே நின்றது. உழுதவர் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. என் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். ஆனால் அந்த வழக்கு இந்த மனிதரை என்ன செய்திருந்தது என்பதை மாதம் ஒரு தடவை நான் நேரில் பார்த்தேன்.

வீடு பேசும்போதே மூன்று விஷயம் சொல்லிவிட்டார். வாடகைக்கு ரசீது கிடையாது. ரேஷன் கார்டை இந்த விலாசத்துக்கு மாற்றக் கூடாது. ரிப்பேர் எதுவானாலும் நான் கை வைக்கக் கூடாது, அவரே செய்வார். "செலவு பண்ணேன்னு நாளைக்கு ஒரு பில்லு வரும் பாருங்க தம்பி, அதுக்குத்தான்" என்றார். சட்டை மாட்ட ஓர் ஆணி வேண்டுமென்று ஒரு தடவை கேட்டேன். மறுநாள் சைக்கிள் ஹேண்டில்பாரில் சுத்தியலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து அவரே அடித்துக் கொடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வாடகை நாற்பத்தைந்து ரூபாய். ஐந்தாம் தேதி காலையில் வருவார். நோட்டை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மழையைப் பற்றிப் பேசுவார்.

என் தொழிலும் அவரை உறுத்தியது. நான் எல்லாருக்கும் கொடி தைப்பவன். கழகம் இரண்டாகி, கொடியும் இரண்டான பிறகு எனக்குத் தேர்தல் கூலி இரட்டிப்பு. அறுப்புக் காலம் வந்தால் கூலித் தகராறு, களத்துமேட்டில் போலீஸ் வேன். அப்போது சங்கத்துக்காரர்கள் சிவப்புத் துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஓர் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் உள்ளே வந்தபோது முன்னறை முழுக்கச் சிவப்பு. வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது?"

"கூலிக்குத் தைக்கறது ஐயா. நேத்து இதே எடத்துல கருப்பு செவப்பு கெடந்துச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒரு ஜாக்கெட்டு ஐயா."

சிரித்துவிட்டார். ஆனால் அன்று மோர் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடவேயில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு வடிகால் வாய்க்கால் ஓடும். வெங்காயத்தாமரை மண்டி அடைத்துக்கொண்டதில் வாய்க்கால் நிரம்பி, ஒரு விடியற்காலையில் கரையைத் தாண்டியது. கொல்லைக் கதவின் அடியில் முதலில் சின்ன ஓசையோடு ஒரு கீற்றுத் தண்ணீர்தான் வந்தது. பாயைச் சுருட்டி அடைக்கலாம் என்று நான் போவதற்குள் கதவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பயந்து பயந்து ஒத்திகை பார்த்தவன், நிஜமாக வந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டியைத் திறந்து பாலிசித் தாளை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெஷின் தலையைக் கழற்றிப் பரண்மேல் வைக்கக் கைநொடி நேரம் போதும். அது தோன்றவேயில்லை.

பள்ளிக்கூட முகாமில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் என் மனைவி கேட்டாள்: "தாளைக் காப்பாத்திட்டீங்க. மெஷினு?"

தண்ணீர் வடிந்து வீடு திரும்பினால், மெஷின் முட்டளவுச் சேற்றில் நின்றது. பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றினேன், கறகறவென்று பாதி சுற்றி நின்றுகொண்டது. பஞ்சு மெத்தை, தலையணை, பாய்கள், கல்யாணத்துக்கு வந்த ஜமுக்காளம், அரிசி எல்லாம் ஒரே நாற்றம். தைக்க வந்த துணிகளும் நனைந்துவிட்டன. ஊரார் துணிக்குப் பாலிசி கிடையாது என்றார் ஏஜெண்ட். துவைத்துக் காயவைத்துக் கறையோடு திருப்பிக் கொடுத்தேன். வாங்க வந்த யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் வந்திருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றவர், "இந்த மாச வாடகையை இப்ப நெனைக்காதீங்க. மெஷின் ஓடட்டும், மெல்லக் குடுங்க" என்றார்.

மெஷின் ஓட வேண்டுமானால் பணம் வேண்டும். புதுப் பலகை, உள்ளே துருப்பிடித்த சாமான்கள். வாங்குவதற்கு இருந்த ஒரே வழி பாலிசி. ஏஜெண்ட் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு சாமானையும் அசைக்காதீங்க. தூக்கிப் போடாதீங்க. சர்வேயர் கண்ணால பாக்கணும்."

எப்போது வருவார்? வழியில் உடைந்திருந்த பாலம் சரியானதும் வருவார். ஜில்லா பூராவும் வெள்ளம், அவரும் ஓர் ஆள்தானே. கார்த்திகை போய் மார்கழியும் முடியப் போனது. அந்த நாற்றக் குவியலுக்கு நான் காவல். ஊறிய மெத்தை ஒரு மூலையில் கறுத்துப் பூத்துக் கிடந்தது. என் மனைவி குழந்தையைப் பின்னறையில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். தெருவில் எல்லா வீடும் கழுவித் துடைத்து ஒழுங்காகிவிட்டது, எங்கள் வீடு மட்டும் அன்றைக்கு விடிந்த கோலத்திலேயே இருந்தது.

போகியன்று காலையில் முதல் பஸ்ஸில் நான் கும்பகோணம் போனேன், சர்வேயர் வரும் நாளைக் கேட்டுவர. பொங்கல் கழித்து வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். மதியம் திரும்பி வந்தால், வாசலில் பெரிய சாம்பல் வட்டம். உள்ளே மெத்தை இல்லை, பாய் இல்லை, தலையணை இல்லை. தரை கழுவிக் காய்ந்திருந்தது. ஏணிமேல் நின்று ஓர் ஆள் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கார ஐயா சுண்ணாம்பும் ஆளும் அனுப்பிச்சாரு" என்றாள் என் மனைவி. பல நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு. "அக்காவும் தெருவுப் பொம்பளைங்களும் வந்து எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக் கொளுத்திட்டாங்க. போகியும் அதுவுமா வீட்ல பீடையை வச்சுக்கிட்டுப் பொங்கல் வைப்பியான்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்பச் சந்தோசப்படாதீங்க தம்பி, ஒடம்புக்கு ஆவாது." கேலியில்லை, நிஜமாகவே நான் சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அதனால்தான் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து சர்வேயர் அப்படிக் கேட்டார்.

"பாலிசியில மெத்தை, ஜமுக்காளம்னு இருக்கே, எங்க?"

அக்காதான், "போகிக்குக் கொளுத்திட்டோங்க" என்றார்.

"எதை?"

"எல்லாத்தையுந்தான்."

"வெள்ளத்துல போனதை நெருப்புல போட்டீங்களா? இப்ப நான் எதுல போச்சுன்னு எழுதறது?"

"ரெண்டுக்கும் இன்சூரன்ஸ் இருக்குதாமே. தம்பிதான் சொல்லுச்சு."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, கோபம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது வீட்டுக்காரர் வாய் திறந்தார். "சார், அந்த மெஷினைக் கொஞ்சம் நகத்திப் பாருங்க. வெள்ளையடிச்சவன் சோம்பேறி. கனமான சாமானை நகத்தியிருக்க மாட்டான்."

நகர்த்தினோம். மெஷினுக்குப் பின்னால் சுவர் பழைய சுவராகவே இருந்தது. வெள்ளம் நின்ற மட்டத்தில் சேற்றுக்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. சர்வேயர் நாடா கொண்டுவரவில்லை. என் கழுத்தில் கிடந்ததை வாங்கி அளந்து எழுதிக்கொண்டார். மெஷின் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், நம்பரைப் பாலிசியோடு ஒத்துப் பார்த்தார்.

"மெத்தை பாயெல்லாம் மறந்துருங்க. சாம்பலுக்கு நான் பணம் போட முடியாது. மெஷினுக்கு எழுதறேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்ததாகக் கேட்டார்: "நீங்க இங்க குடியிருக்கறதுக்கு ஒரு அத்தாட்சி குடுங்க. ரேஷன் கார்டு?"

"ஊர் விலாசத்துல இருக்கு சார்."

"வாடகை ரசீது?"

எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தாள்ல நாலு வரி எழுதிக் குடுங்க ஐயா. இவர் என் வீட்டுல வாடகைக்கு இருக்காருன்னு. போதும்" என்றார் சர்வேயர்.

"ரசீது வழக்கமில்லைங்க."

"இது வீடுங்க ஐயா, வயல் இல்லை. சட்டமே வேற."

"எங்க அப்பாகிட்டயும் ஒரு வக்கீல் அப்படித்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஏஜெண்ட் என் காதில் கிசுகிசுத்தார்: "போய்க் கேளுங்க டைலர். இது இல்லைன்னா ஃபைல் நகராது."

போனேன். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தது அவர் கை. அதைப் பார்த்ததும் எனக்குக் கேட்க மனம் வரவில்லை. அது பூட்டை இழுத்துப் பார்க்கும் என் கைதான்.

"வேணாங்க ஐயா. நான் வேற ஏதாச்சும் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாப்பீங்க?"

அவரே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க இந்த வீட்டை எடுத்துக்குவீங்களா?"

"ஐயோ, மாட்டேங்க ஐயா."

"நீங்க மாட்டீங்க. தெரியும். எங்க குத்தகைக்காரரும் மாட்டேன்னுதான் சொன்னாரு. நல்ல மனுசன். எங்க அப்பா செத்தப்ப மொத ஆளா வந்து நின்னாரு." தாழ்ப்பாளை மறுபடி போட்டார். "எங்களுக்கு மிச்சம் இந்த ஒரு வீடும் நாங்க இருக்கற வீடுந்தான்."

உள்ளே குழந்தை எழுந்து அழுதது. என் மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்தாள். "ஐயா, பயமா இருந்தா எழுதாதீங்க. இவரு ஒரு ஆளு பயப்படறதே இந்த வீட்டுக்குப் போதும்" என்றாள்.

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து, "தாள் குடுங்க" என்றார். கடைசியில் அந்த இரவல் நாற்காலியில் உட்கார்ந்தது அவர்தான். மெஷின் பலகையில் உப்பாத ஓர் இடம் தேடித் தாளை வைத்து எழுதினார். இன்னார் என்னுடைய வீட்டில், என் சம்மதத்தின் பேரில், வாடகை எதுவும் இல்லாமல், குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். கையெழுத்துப் போட்டார்.

சர்வேயர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வாடகை வாங்கறதில்லையா?"

"இல்லைங்க."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். சர்வேயருக்கும் தெரிந்துதான் இருக்கும். "இவர் இங்க இருந்தாருங்கறது தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்று தாளை மடித்துப் பையில் வைத்தார்.

மாசியில் பணம் வந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. புதுப் பலகை போட்டு, மெஷினைக் கழற்றி மாட்டி எண்ணெய் விட்டேன். ஓடியது. முதல் வேலையாகக் கார்த்திகையிலிருந்து நின்றுபோன வாடகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன்.

பணத்தைப் பார்த்ததும் திண்டாடிப் போய்விட்டார். வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எடுத்து உள்ள வைங்க தம்பி. நான்தான் வாடகை இல்லைன்னு எழுதியிருக்கேன்ல?"

"அது தாளுக்குத்தானே ஐயா."

"கவர்மெண்டு கம்பெனியில என் கையெழுத்தோட இருக்கு. இதை வாங்குனா நான் எழுதுனது பொய்யாயிரும். வாங்காம இருந்தா?" கொஞ்சம் குனிந்து மெல்லச் சொன்னார்: "நிஜமாயிரும்ல?"

அப்படி யாராவது ஒரு பொய்யை நிஜமாக்கி நான் பார்த்ததில்லை. அடுத்த ஐந்தாம் தேதி அவர் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. அவர் மனைவியிடம் கொடுத்தேன். மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நோட்டுகள் திரும்பி வந்தன. மணியார்டர் அனுப்பட்டுமா என்று ஒரு தடவை கடைத்தெருவில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சைக்கிளைப் பிடித்தபடியே வெளிறிப் போனார். "தம்பி, உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், அது மட்டும் வேணாம்."

இனாமாக இருப்பது வாடகைக்கு இருப்பதைவிடக் கஷ்டம். ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தால் சொல்ல நா எழவில்லை. ஆணி கேட்க முடியுமா? அவருக்கோ வேறு பயம் பிடித்துக்கொண்டது. சும்மா இருக்கிறவன் கிளம்பவே மாட்டான் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவிடம், "தம்பி ஊருப்பக்கம் எடம் ஏதாவது பாக்குதா?" என்று பட்டும் படாமல் விசாரித்தாராம். "பாவம், வெரட்டவும் தெரியலை, வாங்கவும் தெரியலை" என்றார் அக்கா.

ஆனி பிறப்பதற்கு முன்னால், வைகாசிக் கடைசியில், நாங்களே காலி செய்தோம். அடுத்த தெருவில், வாய்க்கால் இல்லாத பக்கம், ரசீது கொடுக்கிற வீடு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் சாவி, சாவிக்குக் கீழே நோட்டுகள் என்று வைத்து என் மனைவி நீட்டினாள். தட்டில் வைத்துக் கொடுத்தால் மறுக்க மாட்டார் என்பது அவள் யோசனை. அவர் சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெற்றிலையையும் பழத்தையும் எடுத்தார். நோட்டை ஒரு விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "புது வீட்டுல கொல்லைப்படி ஒசரமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க ஐயா."

"சரி. அதைப் பாத்துக்கங்க."

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பட்டணத்திலிருந்து வந்த மகனிடம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். "அப்பா வாங்கலைன்னா நான் எப்படி வாங்குறது?" என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார். பாலிசியை இன்றைக்கும் வருஷா வருஷம் கட்டுகிறேன். கணக்கும் எனக்கு மறக்கவில்லை. கார்த்திகை முதல் வைகாசி வரை ஏழு மாதம், மாதம் நாற்பத்தைந்து. பாக்கி முந்நூற்றுப் பதினைந்து ரூபாய்.